எதிர்ப்பக்கம் சாய்ந்த மழை

என் கணவர் போன பிறகு அவருடைய கையை நான் மறுபடி பார்த்தது ஒரு அரசாங்கச் சுவரில்.

நகர மன்றத்தின் முன்கூடத்தில் புதிய தொகுதி வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். ஆள் உயரம். கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னால் கயிறு கட்டி, கயிற்றின் ஓரத்தில் ஒரு பியூனையும் உட்கார வைத்திருந்தார்கள். பியூன் தூங்கிக்கொண்டிருந்தார். "கிட்டப் போகாதீங்க" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

நான் கயிற்றைத் தாண்டிக் கிட்டப் போனேன்.

ஆற்றின் இரு கரையிலும், ஏரியோரத்திலும், மூடிப்போன ஓடைகளின் பக்கத்திலும் சின்னச் சின்னச் சாய்கோடுகள். தாழ்வான ஈர நிலத்தைக் காட்ட டிராஃப்ட்ஸ்மேன்கள் போடுவது. எல்லோருடைய கோடும் வலப்பக்கம் சாயும். என் கணவர் இடக்கைக்காரர், அவருடையது இடப்பக்கம் சாயும். கல்யாணமான புதிதில் அவர் மேஜையை எட்டிப் பார்த்து, "உங்க ஊர்ல மழை எதிர்ப்பக்கமாவா பெய்யும்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் ஆபீசிலிருந்து வந்தவரிடம் என்ன வேலை என்று கேட்டபோது, "மழைதான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கோடுகளுக்கு அதுதான் பெயர்.

அவருடைய சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கூடக் கொடுத்துவிட்டேன். இந்த மழையை யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அது ஊர் முழுக்கப் பெய்துகொண்டிருந்தது.

"அண்ணி, கண்ணாடியில மூக்கு இடிக்குது" என்றான் ரேடியோ.

ரேடியோ என் கணவரின் தம்பி. தலை வழுக்கை, வாய் மட்டும் அடர்த்தி. நிறுத்தும் பித்தானை வைக்காமல் செய்துவிட்டார்கள் என்பதால் அந்தப் பெயர். என் துப்பறியும் ஆபீசில் டைப்பிஸ்ட், டிரைவர், சமயத்தில் மெய்க்காப்பாளர். மெய்யைக் காப்பது பெரும்பாலும் அவனுடையதைத்தான்.

எங்களை அங்கே கூட்டி வந்தவர் டீச்சர். பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, போன தேர்தலில் கிழக்குத் தொகுதியில் நின்று, மயிரிழையில் தோற்றவர். இந்த முறை அவர் ஜெயிப்பார் என்று அவரைத் தோற்கடித்த மெம்பருக்கே தெரியும். டீச்சர் விரலைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"இதுதான் என் வீடு."

கிழக்குத் தொகுதியையும் மேற்குத் தொகுதியையும் பிரிக்கும் கோடு மேலிருந்து நேராக இறங்கி வந்தது. டீச்சருடைய தெருவுக்கு வந்ததும் கிழக்கே வளைந்து, அவர் வீட்டு வரிசையைக் கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகிக் கீழே போய்விட்டது. அந்த வளைவால் டீச்சரின் வீடு மேற்கில் விழுந்திருந்தது. குடியிருக்கும் தொகுதியில்தான் நிற்கலாம் என்பது சட்டம்.

"நேராப் போய்க்கிட்டிருந்த கோடு டீச்சர் வீட்டைப் பாத்ததும் தொந்தியைத் தள்ளிக்கிட்டு நிக்குது" என்றான் ரேடியோ.

டீச்சர் அவனைப் பார்த்த பார்வையில் பழைய வகுப்பறை ஒன்று முழுதாக எழுந்து நின்றது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஊர்ல வேற துப்பறியற ஆள் கிடைக்காம உங்ககிட்ட வரலைம்மா. இது உங்க வீட்டுக்காரர் போட்ட கோடு. அவர் கையை உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

ரேடியோவின் முகத்தில் சிரிப்பு போனது. "எங்க அண்ணன் கோடு போட்டா கோர்ட்டே அதுமேல நடந்து போகும் டீச்சர்."

"அதைத்தான் நாளைக்குக் கோர்ட்ல பாக்கப் போறோம்" என்றார் டீச்சர்.

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஏதோ ஒன்று என் கண்ணில் உறுத்தியது. பழகிய வீட்டில் யாரோ ஒரு நாற்காலியை இடம் மாற்றி வைத்தது போல. எது என்று மட்டும் பிடிபடவில்லை.

*

வக்கீலின் அறையில் நாற்காலிகளைவிட வழக்குக் கட்டுகள் அதிகம். ரேடியோ ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தான். அதில் யாருடைய விவாகரத்தோ இருந்தது.

"தொகுதி எல்லையை வகுத்த ஆணையம் சொல்ற பதில் ரொம்ப சுருக்கம்" என்றார் வக்கீல். தொண்டை மாத்திரையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "எல்லைக் கோடு ஆறு, ஓடை, இந்த மாதிரி இயற்கையான எல்லையோட போகணும்னு விதி. அங்க ஒரு பழைய ஓடை இருந்துச்சாம். எப்பவோ மேல மூடிட்டாங்களாம். ஓடை வளைஞ்சுது, கோடும் வளைஞ்சுது. தீந்துச்சு கதை."

"ஓடை இருந்தா?" என்று கேட்டேன்.

"இருந்தா நாம வீட்டுக்குப் போகலாம். இல்லைன்னு காட்டினாத்தான் கேஸ்."

"தப்பா வரைஞ்சுட்டாங்கன்னு சொல்ல முடியாதா சார்?" என்று கேட்டான் ரேடியோ. அவன் குரலில் இருந்த ஆசையை நான் கவனித்தேன். என்னிடமும் அதே ஆசை இருந்தது.

"தப்பைத் திருத்தக் கேக்கற தேதி முடிஞ்சுபோச்சு தம்பி. இனிமே தப்புன்னு போனா, தப்பாவே இருக்கட்டும்னு அனுப்பிடுவாங்க. வேணும்னே செஞ்சதுன்னு காட்டினாத்தான் கோர்ட் இந்த வரைபடத்து மேல கையை வைக்கும்." என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரரைச் சொல்லலம்மா. மேலே யாராவது சொல்லிக் கொடுத்திருப்பாங்க."

"சொல்லிக் கொடுத்தா கேக்கற ஆளில்ல எங்க அண்ணன்" என்றான் ரேடியோ. "அண்ணி சொன்னதையே கேட்டதில்ல."

வக்கீல் ஆணையம் விற்ற வரைபடப் பிரதி ஒன்றை மடித்து என் கையில் கொடுத்தார். மெல்லிய தாள். படியிறங்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. என் கணவர் கைதவறிப் போட்டார் என்றால் டீச்சர் தோற்பார். அவர் தெரிந்தே செய்தார் என்றால் டீச்சர் பிழைப்பார். இந்த இரண்டில் எதைக் கண்டுபிடிக்க நான் கூலி வாங்குகிறேன் என்று வக்கீல் சொல்லியாகிவிட்டது.

*

டீச்சர் வீட்டுக் கொல்லையைத்தான் முதலில் பார்த்தோம். ஓடை அதன் கீழேதான் ஓடுகிறது என்றது வரைபடம்.

பின்சுவரோரம் ஒரு தகரக் கூரை. அதன் கீழே வெறும் தரையில் பழைய செய்தித்தாள் கட்டுகள். டீச்சர் எதையும் எறியாதவர். அடிக்கட்டை நான் இழுத்துப் பார்த்தேன். அப்பளம் போல நொறுங்கியது. கறை இல்லை, பூஞ்சை இல்லை. வருஷக்கணக்காக மண்ணில் கிடந்த தாள் அது.

"கீழே தண்ணி ஓடினா இந்தக் கட்டு எப்பவோ களியாகியிருக்கும்" என்றேன்.

"அப்ப ஓடை இல்லை" என்றார் டீச்சர். அவர் முகம் மலர்ந்ததை அடக்கிக்கொண்டார். என் கணவரை நினைத்து அடக்கினார் என்று எனக்குப் புரிந்தது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

நானும் ரேடியோவும் வெளியே வந்து எதிர்வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நின்ற நிலையைப் பார்த்து, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"வீடு பாக்கறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ, "பாத்துக்கிட்டே இருக்கோம். கட்டுப்படியாக மாட்டேங்குது" என்றான்.

"இதோ இந்த வீடு. காத்தோட்டம், வெளிச்சம், ரெண்டு கட்டு. வாடகை நீங்களே சொல்லுங்க."

"நாங்களே சொல்றதா?" ரேடியோ என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணி, இவர் புரோக்கரா, சாமியாரா?"

பக்கத்துக் கடையிலிருந்து தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார். "அந்த வீட்ல ராத்திரியானா ஒரு பொம்பளை அழுவுதுங்க. அதையும் வாடகையில சேத்துக்கச் சொல்லுங்க."

"யோவ், உன் வேலையைப் பாரு" என்றார் புரோக்கர்.

"என் வேலையைத்தான் பாக்கறேன். போன குடித்தனக்காரங்க ஜன்னல் திரையை வாங்காமலே போயிட்டாங்க."

புரோக்கர் கதவைத் திறக்கச் சிரமப்பட்டார். கதவின் அடிப்பாகத்தைப் பலமுறை இழைத்திருந்தார்கள். அப்படியும் அது நிலையை விடமாட்டேன் என்றது. ரேடியோ தோளைக் கொடுத்தான்.

உள்ளே பட்டப்பகலிலும் மங்கல். யாரோ மாட்டிவிட்டு மறந்துபோன நாட்காட்டியின் ஆணி. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரி, தேநீர்க் கறை போல. பின்கட்டுக்குப் போனதும் மூவரும் நின்றுவிட்டோம்.

அழுகைச் சத்தம் கேட்டது. உரக்க அழுது ஓய்ந்த பிறகு, ஆட்கள் போனார்களா என்று பார்த்துக்கொண்டு மறுபடி தொடங்கும் அழுகை. எனக்கு அதை நன்றாகத் தெரியும். நான் அப்படித்தான் அழுதேன், அவர் போன பிறகு வந்த மாதங்களில், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு.

"பேய்க்குப் பகல்லயும் டியூட்டி இருக்கா?" ரேடியோவின் குரல் கொஞ்சம் மேலே போயிருந்தது. என் கைப்பையின் வார் அவன் பிடியில் இருந்தது. "லாக்கப்புல கூட நான் இப்படி நடுங்கல அண்ணி."

"லாக்கப்பா?" புரோக்கர் ஓரடி தள்ளி நின்றார்.

"பயப்படாதீங்க, விட்டுட்டாங்க. போன தேர்தல் ஊர்வலத்துல யாரோ கல்லெறிஞ்சு ஒரு போலீஸ்காரர் மண்டை உடைஞ்சுபோச்சு, நான் பக்கத்துல நின்னேன். மெம்பரோட டிரைவர்தான் சாட்சி. உள்ளே தள்ளறதுல அவ்வளவு உறுதியா இருந்தவன், கோர்ட்ல என்னை உத்துப் பாத்துட்டு 'இந்த முகம் இல்லை'ன்னுட்டான். என் முகராசி அப்படி."

நான் குழாயைத் திறந்துவிட்டு அழுத அந்த மாதங்களை நினைத்துக்கொண்டே நின்றவள், சட்டென்று தரையில் மண்டியிட்டேன். காதை வைத்தேன். தரை சில்லென்றிருந்தது. அழுகை கீழே இருந்து வந்தது. கல்லிடுக்கில் புகுந்து, விக்கி, விட்டு விட்டு ஓடியது.

"தண்ணி" என்றேன்.

"என்னது?"

"அழறது தண்ணி. ஓடை இந்த வீட்டுக்குக் கீழே ஓடுது."

புரோக்கர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அப்ப பேய் இல்லைங்களா? வாடகையைக் கொஞ்சம் ஏத்தலாமா?"

*

தையல்காரர் இப்போது மெஷினை நிறுத்தினார்.

"இந்த ஒரு வீடு மட்டும்னு நெனைச்சீங்களா? வடக்கே மாவு மில்லு. ராத்திரி காவலுக்கு எவனும் நிக்கமாட்டான். யாரோ பல்லைக் கடிக்கறாங்களாம். அதுக்கு இந்தப் பக்கம் குழந்தைங்க பள்ளிக்கூடம். பின் ரூம்ல யாரோ கீழே நடக்கறாங்கன்னு பிள்ளைங்க சொல்லும். தெற்கே லாட்ஜ். மூலை ரூமை யாருக்கும் கொடுக்கறதில்ல."

ரேடியோ வரைபடப் பிரதியை அவர் மேஜையில் விரித்தான். தையல்காரர் சொல்லச் சொல்ல, சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தான். நாங்கள் நடந்து போய் ஒவ்வொரு இடத்தையும் பார்த்தோம். எங்கும் ஈரம் ஏறிய அதே முழங்கால் வரி, ஈரத்தில் ஊதியதால் இழைத்த அதே கதவு. பள்ளியின் பின் அறையில் ஒரு குழந்தை, "கீழ இருக்கறவங்களுக்கு வழி தெரியல, அதான் நடந்துக்கிட்டே இருக்காங்க" என்று எங்களுக்கு விளக்கியது.

திரும்பி வந்து, டீச்சரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு புள்ளிகளை இணைத்தபோது ரேடியோ சீட்டியடித்தான்.

"அண்ணி, பேய்ங்க எல்லாம் வரிசையாக் குடியிருக்காங்க. தனித் தொகுதி கேட்டா கொடுத்துடலாம்."

"ஓட்டு?" என்று கேட்டார் டீச்சர்.

"ஓட்டுப் போட அவங்க ஏற்கனவே வர்றதாத்தான் கேள்வி."

டீச்சர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. புள்ளிகள் மேலிருந்து நேராக இறங்கி, டீச்சர் தெருவின் எதிர்வரிசைக்குள் புகுந்து, மேற்கே வளைந்து, மறுபடி நேராகிக் கீழே போயின.

ஆணையம் சொன்னது உண்மை. ஓடை இருந்தது, வளையவும் செய்தது. ஆனால் அது மேற்கே வளைந்தது. கோடு அதன்படி போயிருந்தால் டீச்சரின் வீடு கிழக்கிலேயே இருந்திருக்கும்.

*

அவருடைய மேஜை இன்னும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. சாய்வான பலகை, பக்கவாட்டில் ஒரு தகர டப்பா, அதில் பேனாக்கள், எழுத்தைச் சுரண்டும் பிளேடு. நாற்காலியில் நான் உட்காருவதில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்தேன், ஏனென்றால் வெளிச்சம் அங்கேதான் வந்தது.

பிரதியை விரித்து வளைவின் மேல் குனிந்தேன். காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது என்னவென்று அப்போது தெரிந்தது.

"தம்பி, இங்க பாரு. மழை."

ரேடியோவுக்கும் அந்த வீட்டு வார்த்தை தெரியும். பார்த்தான். ஆற்றோரம் மழை இடப்பக்கம் சாய்ந்தது. ஏரியோரம் இடப்பக்கம். இந்த வளைவில் மட்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவன் நெடுநேரம் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது கண் கலங்கியிருந்தது. "சோத்துக் கைக்காரன் போட்டது. எங்க அண்ணன் போடல. எவனோ போட்டு அண்ணன் தலையில கட்டிட்டான். நான் சொன்னேன்ல?"

நானும் அதை நம்பினேன். மூச்சு விட்டேன். அன்று முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனது போலிருந்தது. இது போதும் என்று நிறுத்தியிருக்கலாம். என் தொழிலின் சாபம், நிறுத்த வராது.

வளைவைச் சுற்றி ஒரு மெல்லிய ஓரம் அச்சாகியிருந்தது. ஒட்டு. டிரேசிங் தாளில் ஏதாவது மாற்றவேண்டுமானால் அவர் முழுத் தாளையும் மறுபடி வரையமாட்டார். ஓடையை மட்டும் தனித் துண்டில் வரைந்து மேலே ஒட்டிவிடுவார். கண்ணாடி போன்ற தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கோடு தெரியும். எந்தப் பக்கமாகவும் ஒட்டலாம்.

பிரதியைத் திருப்பி, முதுகை எனக்குக் காட்டி, ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். மாலை வெயில் பின்னாலிருந்து வந்தது. வளைவு இப்போது எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது, சுண்ணக்கட்டிப் புள்ளிகள் போன அதே உருவத்தில். மில்லிடம் அதே நெளிவு, லாட்ஜிடம் அதே இறக்கம். அதில் மழை இடப்பக்கம் சாய்ந்து பெய்தது.

"அவர் கைதான்" என்றேன். "ஓடையைச் சரியாத்தான் வரைஞ்சிருக்கார். துண்டைக் குப்புறப் போட்டு ஒட்டியிருக்கு."

"ஒட்டியிருக்குன்னா, யாரு ஒட்டினது?" ரேடியோ விடவில்லை. "அண்ணன் சரியா வரைஞ்சு கொடுத்துட்டார். அப்புறம் எவனாவது பிரிச்சுத் திருப்பி ஒட்டியிருக்கலாம். அண்ணன் போனப்புறம் கூட."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா இருக்கலாம்னு விடுங்களேன்."

தாளை மறுபடி நேராகப் போட்டேன். வளைவுக்குள் டீச்சரின் தெருவின் பெயர் எழுதியிருந்தது. அச்சகத் தெரு. 'தெ'யின் கொம்பில் சுழி மூடாமல் இருந்தது. அவர் எனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களிலும் அந்தச் சுழி மூடியதே இல்லை. 'அச்சகத்' என்பது தாளில் இருந்தது. 'தெரு' ஒட்டின் மேல் இருந்தது. 'த்'தின் வால் ஓரத்தைத் தாண்டித் துண்டுக்குள் போயிருந்தது, ஒரே இழுப்பில், மை உடையாமல்.

எழுத்துதான் அவருக்குக் கடைசி வேலை. கோடெல்லாம் முடிந்து, ஒட்டெல்லாம் ஒட்டிய பிறகு உட்கார்ந்து எழுதுவார். எழுதிய பிறகு அந்தத் தாளை யாரும் தொடக்கூடாது, நான் கூட.

திருப்பி ஒட்டிய பிறகுதான் அவர் அந்தப் பெயரை எழுதினார். தப்பான பக்கம் தள்ளிக்கொண்டு நின்ற வளைவின் மேல் கையை ஊன்றி, அவசரமில்லாமல், அழகாக எழுதியிருந்தார். தான் வரைந்த ஓடை எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரியாமல் எழுதியிருக்க முடியாது.

ரேடியோவிடம் அதைக் காட்டினேன். விளக்கம் தேவைப்படவில்லை. அண்ணனுக்குப் பென்சில் சீவிக் கொடுத்து வளர்ந்தவன் அவன்.

"எதுக்கு அண்ணி?" என்றான். "அவருக்கு என்ன குறை? யார்கிட்டயும் கையேந்தற ஆளா அவர்?"

அவன் கண் தாளில் மேய்ந்து கீழ் மூலைக்குப் போனது. அங்கே அவர் கையெழுத்தும் மாதமும் இருந்தன. அந்த மாதத்தின் மேல் அவன் விரல் நின்றது. அப்படியே நின்றது. வெளியே ஒரு வண்டி போய் அதன் சத்தம் முழுதாக அடங்கியது.

"இது நான் வெளியே வந்த மாசம்."

ரேடியோ பேசி முடித்துவிட்டு எதையும் சேர்க்காமல் இருந்தது அதுவே முதல் தடவை.

எனக்கு அந்தச் சாயங்காலம் நினைவு வந்தது. கோர்ட்டிலிருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீடெல்லாம் சிரிப்பு. டிரைவர் உற்றுப் பார்த்ததை இவன் நடித்துக் காட்டினான், நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். சாப்பிட உட்காரவில்லை. 'அவன் தூங்கட்டும், எழுப்பாதே' என்று மட்டும் சொல்லிவிட்டு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் நன்றாகத் தூங்கி நான் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் இதே மேஜையில் தலை சாய்ந்திருந்தது. இதயம் என்றார் டாக்டர். நானும் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

"முகராசி" என்றான் ரேடியோ மெதுவாக. "என் முகராசின்னு ஊர்பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மெம்பரோட டிரைவர் சும்மாவா வாயை மாத்துவான்?"

"உனக்குத் தெரியாது."

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல."

"கை தவறிப்போச்சுன்னு சொன்னா அண்ணன் பேரு நிக்கும். என் கேஸும் மண்ணுக்குள்ளயே கிடக்கும்." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டீச்சர் மட்டும் போவாங்க."

"அதையும் சேத்துத்தான் அவர் தூங்காம உட்காந்திருந்தார்னு நெனைக்கறேன்."

தகர டப்பாவிலிருந்து பிளேடை எடுத்துப் பலகையில் வைத்தேன். எழுத்தில் மயிர் கனம் மை கூடினால் கூட அவர் பொறுக்கமாட்டார். சுரண்டி எடுத்து, நகத்தால் தேய்த்து, மறுபடி எழுதுவார்.

"இந்த மழையை அவர் சுரண்டியிருக்கலாம் தம்பி. ரெண்டு நிமிஷ வேலை. சரியான பக்கம் சாய்ச்சுப் போட்டிருந்தா உலகத்துல ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அப்படியே விட்டுட்டார்."

"மறந்திருப்பாரா?"

"அவரா?"

ரேடியோ பிளேடைப் பார்த்தான், பிறகு மழையை, பிறகு என்னை.

"மழை எந்தப் பக்கம் சாயும்னு தெரிஞ்ச ஆளு எத்தனை பேர் அண்ணி?"

"நீ நேத்து வரைக்கும் கவனிச்சதில்ல. அப்ப ஒருத்திதான்."

வெயில் போய்விட்டது. நாங்கள் விளக்கைப் போடவில்லை. அவர் நாற்காலி என் எடைக்கு ஒருமுறை முனகியது.

*

கோர்ட்டில் ஜன்னல்கள் உயரம். கூண்டு உயரமில்லை. அதன் கைப்பிடியில் எத்தனையோ பேருடைய உள்ளங்கை வழுவழுப்பு.

ஆணையத்தின் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "உங்க கணவர் நேர்மையான அலுவலர்தானே அம்மா?"

"நேர்மையானவர்" என்றேன்.

"அப்ப இது ஒரு சாதாரணக் கைத்தவறுதான்னு நீங்களும் ஒத்துக்கறீங்க."

வாசலை நன்றாகத் திறந்து வைத்தார். உள்ளே போகவேண்டியது மட்டும்தான் பாக்கி. பின் வரிசையில் டீச்சர் மடியில் கையை வைத்துக்கொண்டு, தேர்வு முடிவைப் படிக்கக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ரேடியோ.

"இல்லைங்க" என்றேன். "மூல வரைபடத்தைத் திருப்பி ஜன்னல்ல பிடிக்கச் சொல்லுங்க. நான் காட்டறேன்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். இரண்டு ஊழியர்கள் அந்தப் பெரிய டிரேசிங் தாளைத் தூக்கி, முதுகுப் பக்கம் எங்களைப் பார்க்க, ஜன்னலில் பிடித்தார்கள்.

வெளிச்சம் பாய்ந்ததும் ஊர் முழுதும் இடம் வலமாகித் தெரிந்தது. ஆற்றில், ஏரியில், எல்லா ஓடையிலும் மழை வலப்பக்கம், யாரோ ஒரு அந்நியன் போட்டது போலச் சாய்ந்தது. அச்சகத் தெருப் பக்கத்தில் மட்டும், அந்த ஒரு வளைவில் மட்டும், இடப்பக்கம் பெய்துகொண்டிருந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் அங்கே குனிந்திருந்தார்.

நான் சொன்னேன். ஒட்டை, மையை, ஓரத்தைத் தாண்டிப் போன 'த்'தின் வாலை. பேய் வீடுகளைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

"இது அவர் கைதான்னு உறுதியாச் சொல்றீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"என் வீட்டுக்காரர் கைங்க. எனக்குத் தெரியாம எப்படிப் போகும்?"

"தெரிஞ்சே திருப்பினார்னு சொல்றீங்க. அப்படி ஒருத்தர் ஏன் செய்யணும்?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதிலும் தெரியும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை என்னுடையதா என்று இரவெல்லாம் யோசித்து முடிவு தெரியாமல்தான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.

"ஐயா" என்றது ஒரு குரல். அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை. "அண்ணியை விட்டுடுங்க. அதுக்கு நான் பதில் சொல்றேன். காரணம் நான்தான்."

ஊழியர்களுக்குக் கை வலித்திருக்கவேண்டும். தாள் ஜன்னலில் லேசாக அசைந்தது. ரேடியோ கூண்டை நோக்கி நடந்து வந்தபோது, அதன் வெளிச்சத்தைக் கடந்தான். ஊரின் நிழல் அவன் வழுக்கைத் தலையில் ஒரு கணம் விழுந்தது, ஆறும், ஏரியும், கடைசியில் அந்த வளைவும்.